ஊர் மலர் போட கூகுள் டாக்ஸ் தாங்குமா?

தாங்கும். ஆனால் பலர் ஒரே கோப்பில் சேர்ந்து எழுதுகிற அந்தக் கருவி ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாட்ஸ்அப் குரல் செய்தி இல்லாமல், சனிக்கிழமை இரவுகளில் கூகுள் மீட் காணொளிக் கூட்டம் இல்லாமல், கடைசியில் நாகர்கோவிலில் அச்சகத்துக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராமல் எங்கள் படிப்பகத்தின் பொன்விழா மலர் வெளியே வந்திருக்காது.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். படிப்பகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, நாளிதழ்கள், கண்ணாடி உடைந்த பீரோவில் புத்தகங்கள், ஒரு கேரம் போர்டு. மலருக்கு எழுதியவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. துபாய், குவைத், பெங்களூரு, திருவனந்தபுரம், ஒருவர் பாதி நாள் கடலில். பக்கத்து ஊர்க்காரர்கள் அடுத்து வெள்ளிவிழா கொண்டாடப் போகிறார்களாம், எதை வைத்து வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வெள்ளிவிழா மலர் காலத்தில் வேலை வேறு மாதிரி நடந்தது. கட்டுரைகள் கையெழுத்தில் வரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் (ஊரில் எல்லாருக்கும் அவர் 'சார்'தான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் இப்போது உயிரோடு இல்லை) சிவப்பு மையில் திருத்துவார். செயலாளர் அதைப் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுவார். புரூஃப் வரும், திரும்பப் போகும். இடையில் எந்தப் பத்தி எங்கே காணாமல் போனது, யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுதியவர் மலர் கைக்கு வந்த பிறகுதான் பார்ப்பார், பார்த்துவிட்டு இரண்டு வருடம் பேசமாட்டார்.

இந்த முறை எல்லாரும் செய்வதைப் போல நாங்களும் வாட்ஸ்அப் குழுவில்தான் தொடங்கினோம். குழு என்பது கல்யாண வீட்டு முற்றம் மாதிரி, எல்லாச் செய்தியும் முதலில் அங்கேதான் வந்து சேரும், ஆனால் கையில் இருந்த பொருளை ஒரு நிமிடம் கீழே வைத்தால் பிறகு தேடி எடுக்க முடியாது. சாரின் கட்டுரைக்கும் அதன் திருத்தத்துக்கும் நடுவில் ஒரு மரண அறிவிப்பு, கரண்டு இல்லை என்ற புகார், யாரோ ஒருவருடைய பேரன் பிறந்தநாள், வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்று 2023-இல் ஒரு வசதி கொண்டுவந்தார்கள், நல்லதுதான், ஆனால் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கிறவர் எப்போதும் அடுத்த நாள் காலையில்தான் கண்டுபிடிக்கிறார். அப்போது முழுக் கட்டுரையையும் மறுபடி போட வேண்டும். அப்படிப் போட்டுப் போட்டு ஒரே கட்டுரை வேர்டு கோப்பாக 'கடைசி', 'கடைசி புதியது', 'சார் பார்த்தது கடைசி' என்று பெருகியது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். அத்தனை பேர் பேசலாம் என்பதற்காக அத்தனை பேர் சேர்ந்து ஒரு பக்கம் எழுத முடியும் என்று ஆகாது.

ஆனாலும் வாட்ஸ்அப்பை நான் கீழே வைக்க மாட்டேன், காரணம் குரல் செய்தி. எழுத்து வராத, அல்லது எழுதினால் கூசுகிற ஆட்களை மலருக்குள் கொண்டுவந்தது அதுதான். எங்கள் ஊரில் ஒரு மாமி, எண்பது தாண்டியவர், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது என்பதால் அந்த வயதுக்காரர்களில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். படிப்பகம் இருக்கும் இடத்தின் பழைய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், மலையாளக் கையெழுத்தில் இருக்கிறது. பேரன் அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்ட, மாமி வரி வரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்லிக் குரல் செய்தியாக அனுப்பினார், நடுவில் கோழியை விரட்டியதும் அதில் இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டு நான் டாக்ஸில் எழுதினேன். ஐம்பது வருடமாகப் பீரோவில் பூட்டிக் கிடந்த காகிதம் இரண்டு நாளில் ஒரு கட்டுரை ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கருவியின் மேல் மரியாதை வர வைத்தது. ஆதாரத்தில் தேதி கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) 1112, துலாம் மாதம். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், நான் 1937 என்று போட்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஓரத்தில் ஒரு குறிப்பு வைத்தாள்: ஆவணியில் ஆண்டு பிறக்கிறது, ஆகவே டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-தான் கூட்ட வேண்டும், துலாம் என்றால் ஐப்பசி, எனவே 1936. அவள் குறிப்புக்குக் கீழே குவைத்திலிருந்து ஒருவர், அதே ஐப்பசியில்தானே திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது, 1936 நவம்பர் 12, என்று எழுதினார். அதற்குக் கீழே சார், அந்தச் செய்தி ஊருக்கு வந்த நாளைப் பற்றித் தன் அப்பா சொன்னதை நான்கு வரி எழுதினார். மூன்று பேரும் மூன்று ஊரில், மூன்று நேரத்தில். கூட்டம் போட்டிருந்தால் இந்த மூன்று பேரும் ஒரே அறையில் வந்திருக்கவே மாட்டார்கள், வந்திருந்தாலும் தலைவர் பேசி முடிக்கவே நேரம் சரியாகப் போயிருக்கும்.

சரி, டாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: கோப்பு உங்கள் போனில் இல்லை, கூகுளின் கணினியில் ஒன்றே ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதையே பார்க்கிறோம். நீங்கள் ஒரு எழுத்து அடித்தால் முழுக் கோப்பும் போவதில்லை, இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர் என்ற சின்னக் கட்டளை மட்டும் போகிறது. அதே நேரத்தில் அதே வரியில் இன்னொருவர் அடித்தால், முன்னால் எத்தனை எழுத்து சேர்ந்ததோ அத்தனை இடம் தள்ளி அவருடைய கட்டளையை அது சரிசெய்துகொள்கிறது. அதனால்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்து எழுதிவிடுகிற குழப்பம் வருவதில்லை. ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம். இந்த யோசனை புதிதல்ல. 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர், தூரத்தில் இருக்கும் இன்னொருவரோடு பேசிக்கொண்டே ஒரே திரையில் சேர்ந்து வேலை செய்யலாம் என்று மேடையில் செய்து காட்டினார். டாக்ஸுக்கு அடித்தளமான ரைட்லி என்ற செயலியை உருவாக்கிய சின்ன நிறுவனத்தை கூகுள் வாங்கியது 2006-இல். கருங்கலுக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எங்கள் சாலையும் அப்படித்தான் வந்தது.

இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கூகுள் கணக்கில் நுழையாமல் திறக்கிறவர்களுக்கு விலங்குப் பெயர் வைத்துக் காட்டும், கேப்பிபரா, வாம்பட், ஆக்ஸலாட்டில் என்று. முதல் வாரம் சார் என்னைக் கூப்பிட்டார்: "மக்களே, இது யாரு புது ஆளு, கேப்பிபரான்னு போட்டிருக்கு, நம்ம ஊர்க்காரன் இல்லியே?" அவர் பேரனாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பையனுக்கு ஊரில் அதுதான் பெயர்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணைப்பு வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று திறந்து விடாதீர்கள். போனில் பக்கத்தைத் தள்ளும்போது விரல் பட்டு ஒரு பெரியவர் முழு வாழ்த்துரையையும் அழித்துவிட்டு, அழித்தது தெரியாமலேயே தூங்கப் போய்விட்டார். யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டுகிற வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருப்பதால் ஒரே நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் ஆசிரியர் குழுவுக்கு மட்டும் திருத்தும் உரிமை, மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதும் உரிமை என்று மாற்றி வைத்தோம். சஜஸ்டிங் என்று ஒரு முறை இருக்கிறது, அதில் திருத்தினால் பழைய சொல்லின் மேல் கோடு விழும், புதிய சொல் வேறு நிறத்தில் பக்கத்தில் நிற்கும், ஏற்கலாம் அல்லது தள்ளலாம். சாரின் சிவப்பு மையும் இதைத்தான் செய்தது. வித்தியாசம், இதில் சாரின் வரி மேலேயும் கோடு விழும். கோடு போட்டவர் பெயரும் படமும் பக்கத்தில் நிற்கும், அது கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிற பையனாக இருக்கும். பெரியவர்களுக்கு அது தைக்கிறது. அறுபது தாண்டியவர் எழுத்தில் கைவைப்பதற்கு முன்னால் போனில் கூப்பிட்டு, 'சார், இந்த வரியை இப்படி மாத்தட்டா' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். கூகுள்காரர்களின் உதவிப் பக்கத்தில் இது இருக்காது.

இனி வெர்ஷன் ஹிஸ்டரி பற்றி. இந்த மதிப்புரையை எழுத முக்கியமான காரணமே அதுதான்.

படிப்பக வரலாறு என்று ஒரு கட்டுரை, பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துச் செயலாளர் அண்ணன் எழுதியது. தலைவர்கள், செயலாளர்கள், நன்கொடையாளர்கள், எல்லாம் ஆண்கள். பெங்களூருவில் இருக்கிற ஒரு அக்கா ஓரத்தில் கேட்டார்: கட்டடம் கட்டும்போது மண் சுமந்தது யார், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார், ஒரு பெண் பெயர்கூட ஏன் இல்லை? அண்ணன் பதில் எழுதினார்: "இது ஏற்கெனவே கமிட்டி முடிவு செய்தது." அக்கா விடவில்லை. தன் அம்மாவிடம் கேட்டு ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார், பெயர்களோடு. அடுத்த நாள் காலையில் அந்தப் பத்தி இல்லை. பழைய காலமென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அச்சகத்தில் விட்டுப்போச்சு என்று ஒரு சொல்லில். இந்த முறை வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால், இரவு பதினொன்றரைக்கு யாருடைய நிறத்தில் அந்தப் பத்தி வெட்டப்பட்டது என்று அப்படியே நிற்கிறது. யாரும் சண்டை போடவில்லை. அக்கா அந்தத் திரையைப் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், ஆசிரியர் குழுவில் மட்டும் போட்டார். ஒரு மணி நேரத்தில் பத்தி திரும்ப வந்துவிட்டது. மலரில் அது இப்போது இரண்டு பக்கம், படத்தோடு.

எங்களுக்கு இணையம் செய்த பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். தூரத்தில் இருப்பவரோடு பேச முடிவது பழைய கதை, எஸ்டிடி பூத் காலத்திலேயே பேசிவிட்டோம். ஊரைவிட்டுக் கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு ஊர் வரலாற்றில் ஒரு வரியைச் சேர்க்கிற இடம் கிடைத்ததும், அந்த வரியை யார் எடுத்தாலும் எடுத்த கை தெரிகிறதும்தான் புதிது.

அதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை ஆகாது. கை தெரிகிறது என்று தெரிந்த பிறகு சிலர் கோப்புக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். செயலாளர் அண்ணன் அதற்குப் பிறகு டாக்ஸில் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை, எல்லாம் போன்தான். 'நீ மாத்திரு, நான் சொன்னேன்னு வேண்டாம்' என்பார். அப்போது ஹிஸ்டரியில் விழுவது என் நிறம். ஆக முடிவெடுக்கிற பேச்சு பழையபடி டீக்கடைக்கும் போனுக்கும் நகர்ந்துவிட்டது, கோப்பில் இருப்பது அதன் விளைவு மட்டும். முக்கியமான மாற்றம் எதையும் போனில் சொன்னால், அதை நீங்களே குறிப்பாக எழுதி 'இன்னார் கேட்டுக்கொண்டபடி' என்று வைத்துவிடுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

திருவிதாங்கூர் பக்கம் இருந்த எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்க நடந்த எல்லை மீட்புப் போராட்டம் பற்றிய கட்டுரைக்கு இன்னொரு விதமாகப் பயன்பட்டது. எங்கள் பகுதியில் அதைப் பற்றி எழுதினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நினைவு இருக்கும், நினைவுகள் ஒன்றோடொன்று மோதும். மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூட்டை ஒருவர் 1956 என்று எழுதியிருந்தார், இணைப்பு நடந்த ஆண்டோடு சேர்த்து மனதில் பதிந்துவிட்டது போல. இன்னொருவர் 1954 ஆகஸ்ட் 11 என்று திருத்தினார். நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில் அது நடுக்கட்டம், இணைப்பு வந்தது இரண்டு வருடம் கழித்துத்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாவையும் சேர்த்துத்தான் மாவட்டம் பிறந்தது என்பதை இளையவர்கள் பலர் அந்தக் குறிப்புச் சண்டையில்தான் தெரிந்துகொண்டார்கள். தேதி, எண், பெயர் எதுவானாலும் எங்கிருந்து எடுத்தது என்று ஓரத்தில் எழுதாவிட்டால் அச்சுக்குப் போகாது என்று ஒரே விதி. வாட்ஸ்அப்பில் இந்த விதியை யாராவது சொல்லியிருந்தால் குழுவை விட்டு வெளியேறியவர்கள் பட்டியல்தான் நீண்டிருக்கும்.

தமிழில் அடிப்பது பற்றிக் கேட்கிறார்கள். போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை போதும். கூகுள் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது 2017-இல், கணினியில் குரோமில் டாக்ஸைத் திறந்தால் டூல்ஸ் பட்டியலிலும் அது இருக்கிறது. சார் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார், போனை முகத்துக்கு நேரே வைத்து வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில் பேசுவார், வீட்டில் எல்லாரும் டிவியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெள்ளிவிழா மலரின் பழைய கட்டுரைகளை மறுபடி அடிக்கத் தேவைப்படவில்லை. பக்கத்தைப் படம் எடுத்து, கோப்புகளைச் சேமிக்கிற கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திற என்று கொடுத்தால் அச்செழுத்தைப் படித்து எழுத்தாக்கித் தருகிறது. மெய்ப்புப் பார்க்கத்தான் வேண்டும், ஆனாலும் பாதி வேலை மிச்சம்.

கூகுள் மீட்டைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம்தான். இதைக் குறை என்று எல்லாரும் சொல்கிறார்கள், எங்கள் கமிட்டிக்கு இது வரம். நேரம் வைப்பதுதான் சிக்கல். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத் இரண்டரை மணி நேரம். குவைத்தில் விடுமுறை வெள்ளி, சனி. துபாய் இருக்கிற எமிரேட்ஸில் 2022 முதல் சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். நம் ஊரில் ஞாயிறு காலை சர்ச், மாலை ஏதாவது ஒரு வீட்டில் விசேஷம். ஆக எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை இரவு ஒன்பது மணி மட்டும். வாட்ஸ்அப்பிலேயே கூப்பிடலாமே என்பவர்களுக்கு: எமிரேட்ஸில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்புக்குத் தடை.

எனக்கு மிகவும் பிடித்தது, இணையம் இல்லாமலே எழுத விடுகிற ஆஃப்லைன் வசதி. தேங்காய்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற நண்பர் ஒருவர் ஒக்கி புயல் பற்றி எழுத ஒப்புக்கொண்டார். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த செய்தி ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே கைப்பேசிக்கு உயிர் போய்விடும். அதற்குப் பிறகு 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கி புளூடூத்தில் போனுக்குத் தரும். ஆனால் அது ஒருவழிப் பாதை, படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. இதையெல்லாம் எழுத அவரைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் கரையில் இருக்கும் சில நாட்களில் வலை பழுது, வீட்டுக் காரியம், உறக்கம் என்று அவருக்கு எழுத நேரமே இல்லை. டாக்ஸ் செயலியில் அவருடைய கோப்பை மட்டும் ஆஃப்லைனில் வைத்துக் கொடுத்தோம். படகில், வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எழுதினார். துறைமுகத்துக்குள் படகு நுழைந்து சிக்னல் பிடித்ததும் அவர் எழுதியது அத்தனையும் எங்கள் திரையில் கடகடவென்று வந்து விழுந்தது. மலரில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் அதை வாசியுங்கள்.

படங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் குறுக்கித்தான் அனுப்பும். போனில் பார்க்க அழகாக இருக்கும், அச்சில் ஆள் அடையாளம் தெரியாது. ஏ4 பக்கம் முழுக்க ஒரு படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக வேண்டுமென்றால் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். அதனால் டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஒரு பொது அடைவு திறந்து அதில் போடச் சொல்லுங்கள். எங்களில் பலர் பழைய படத்தின் மேல் டியூப்லைட் வெளிச்சம் விழ, போனில் எடுத்து, அதையும் குறுக்கி அனுப்பினார்கள். கடைசியில் கேப்பிபராப் பையன் ஒரு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். எந்தச் செயலியும் அந்த வேலையைச் செய்து தராது.

இனி அச்சகம். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள், வேலையும் சுத்தம், ஆனால் அவர்கள் கணினியில் தமிழ் இன்னும் பழைய எழுத்துருவில்தான் ஓடுகிறது. இத்தனை மாதம் ஐந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து பிழை நீக்கிய கோப்பு அங்கே போய்த் திறந்ததும் வரிசை வரிசையாகக் கட்டங்கள். காரணம் எளிது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகு அதன் உயிர்க்குறி என்று சேமிக்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருட்கள் இருக்கின்றன, மாற்றினோம், ஆனாலும் கொம்புகள் இடம் மாறி நின்றன, ஸ்ரீ எல்லாம் வேறு ஏதோ ஆனது, அடைப்புக்குறிக்குள் இருந்த ஆண்டுகள் தலைகீழாயின. மறுபடியும் காகித புரூஃப், மறுபடியும் சிவப்பு மை, மறுபடியும் பஸ். சாருக்கு மட்டும் அந்த வாரம் முகத்தில் ஒரு களை.

ஆகவே டாக்ஸில் முதல் எழுத்து அடிப்பதற்கு முன்னால் அச்சகத்தில் போய்க் கேளுங்கள்: யூனிகோட் எடுப்பீர்களா, அல்லது நாங்களே பக்கம் அமைத்து பிடிஎஃப் கொடுத்தால் அச்சடிப்பீர்களா? டாக்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, காடமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பார்க்க நன்றாக இருக்கிற எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எளிமையான பக்க அமைப்பு போதுமென்றால் அதிலேயே முடித்து பிடிஎஃப் எடுத்துவிடலாம். படமும் கட்டமும் பத்தி பத்தியாகப் பிரித்து இதழ் போல வேண்டும் என்றால் டாக்ஸ் அதற்கான கருவி இல்லை. விளம்பரப் பக்கங்களை (மலரே அதை நம்பித்தானே) தனியாகத்தான் வடிவமைக்க வேண்டும். விளம்பரக் கணக்கு, நன்கொடைக் கணக்கு இரண்டுக்கும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணை வைத்தோம். யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார், எவ்வளவு தந்தார் என்று இரண்டு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் வசூல் வேகமாக நடந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் டாக்ஸுக்கு ஐந்துக்கு நாலரை, வாட்ஸ்அப் எழுத்துக்கு இரண்டு, அதே வாட்ஸ்அப்பின் குரல் செய்திக்கு ஐந்து, மீட்டுக்கு மூன்றரை. காசு செலவு எதற்கும் இல்லை, 15 ஜிபி இலவச இடம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து என்பதால் யாருடைய கணக்கில் வேலை நடக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தனிநபர் கணக்கு ஒன்று இரண்டு வருடம் தொடாமல் கிடந்தால் அதை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்பது கூகுளின் விதி. மலர் முடிந்ததும் எல்லாக் கோப்புகளையும் இறக்கி ஒரு பென்டிரைவில் படிப்பகப் பீரோவில் வையுங்கள், மாமி வாசித்த ஆதாரத்துக்குப் பக்கத்திலேயே.

இப்போது எங்கள் கோப்புகள் எல்லாம் என் சொந்தக் கணக்கில் இருக்கின்றன. படிப்பகத்தின் பெயரில் தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார், செயலாளர் அண்ணனும் இதை ஒப்புக்கொண்டார். கடவுச்சொல்லை யாரிடம் வைப்பது என்பதில்தான் நிற்கிறது. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி வைக்கலாம் என்று சார் சொல்கிறார், அந்தப் புத்தகம் கேரம் போர்டு மேசையில்தான் எப்போதும் கிடக்கும். இதைப் பேச அடுத்த கூட்டத்தை நேரில் வைப்பதா மீட்டில் வைப்பதா என்று குழுவில் வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை நேரில் என்பதற்குத்தான் ஓட்டு அதிகம், போட்டவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள்.